அளக்கப்படாத ஊர்களின் நோய்க்கணக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் மருந்து மானியத்தைப் பற்றி எழுதியபோது, சுகாதாரப் பொருளியல் துறையில் வெளியாகும் ஆய்வுகளில் பெரும்பங்கு ஒரு சில செல்வ நாடுகளைப் பற்றியதாகவே இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றி வந்த கடிதங்களே இம்மாதப் பகுதியை நிரப்பிவிட்டன. நோய்க்கும் சிகிச்சைக்கும் ஆகும் செலவு எவ்வளவு, அதைச் சுமப்பவர் யார், அந்தச் செலவுக்கு ஈடாக எவ்வளவு நலம் கிடைக்கிறது என்று ஆராயும் துறையே சுகாதாரப் பொருளியல். அத்துறைக்கு வெளியே இருப்பவர்கள் இவ்வளவு அக்கறையோடு எழுதியிருப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. தேர்ந்தெடுத்த கடிதங்களைச் சுருக்கி, எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, பதில்களோடு தந்திருக்கிறேன்.

கேள்வி: சிங்கப்பூரின் தெம்பனிஸ் வட்டாரத்தில் தொடக்கக் கல்லூரி ஒன்றில் பொருளியல் கற்பிக்கிறேன். தென்கிழக்காசியாவில் மருத்துவச் செலவு குறித்துத் திட்டப்பணி செய்யும்படி என் மாணவர்களிடம் சொன்னேன். அவர்கள் தேடிக்கொண்டு வந்த கட்டுரைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவையும் பிரிட்டனையும் பற்றியவை. தேடிய முறையில் பிழையா, அல்லது உண்மை நிலையே அதுதானா?

பதில்: மாணவர்கள் மீது பிழை இல்லை. உலக வங்கியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1985க்கும் 2005க்கும் இடையில் வெளியான 76,046 பொருளியல் கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த நாட்டைப் பற்றியது என்று எண்ணிப் பார்த்தார்கள். அமெரிக்காவைப் பற்றியவை 36,649, அதாவது ஏறத்தாழ பாதி. அதே இருபது ஆண்டுகளில் மாலியைப் பற்றி 27 கட்டுரைகளும், நம் வட்டார நாடான கம்போடியாவைப் பற்றி 9 கட்டுரைகளும், புருண்டியைப் பற்றி வெறும் 4 கட்டுரைகளும் வெளியாகியிருந்தன. ஒரு நாட்டின் நபர்வாரி வருமானம் உயர உயர, அந்நாட்டைப் பற்றிய ஆய்வும் பெருகுகிறது என்பதையும், புகழ்பெற்ற முதல்வரிசை இதழ்களில் இடம்பெறும் வாய்ப்பு அமெரிக்காவைப் பற்றிய கட்டுரைகளுக்கே கூடுதல் என்பதையும் அவர்கள் காட்டினார்கள்.

அது பொருளியல் முழுவதற்குமான கணக்கு. சுகாதாரப் பொருளியலின் பிறப்பே அமெரிக்க மண்ணில் நிகழ்ந்தது என்று சொல்வார்கள். அமெரிக்கப் பொருளியலாளர் கென்னத் ஆரோ 1963இல் எழுதிய அடிப்படைக் கட்டுரை அந்நாட்டு மருத்துவச் சந்தையை மனத்தில் வைத்து எழுதப்பட்டதுதான். 1969 முதல் நாற்பது ஆண்டுகளில் இத்துறையில் வெளிவந்த ஏறத்தாழ 33,000 எழுத்துகளை ஆடம் வாக்ஸ்டாஃப், அந்தோணி கல்யர் ஆகிய இருவரும் 2012இல் அலசியபோது, பெரும்பாலான அளவுகோல்களில் அமெரிக்காவும் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் முதலிடத்திலோ அதை ஒட்டியோ இருந்தன. ஆனால் வளரும் நாடுகளை நோக்கி இத்துறை குறிப்பிடத்தக்க அளவுக்கு விரிந்திருக்கிறது என்பதும் அதே ஆய்வின் முடிவு. மாணவர்களிடம் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் பாதி உண்மைதான் போய்ச் சேரும்.

இன்னொரு செய்தியும் உண்டு. ஆய்விதழ்களின் பட்டியலில் ஏறாத எழுத்து இந்தக் கணக்குகளில் எதிலும் வருவதில்லை. பேங்காக்கில் தாய் மொழியில் வெளியாகும் மதிப்பீட்டு அறிக்கையோ, சென்னையில் அரசுத் துறை ஒன்று அச்சிட்டு அலமாரியில் வைத்த செலவாய்வோ ஆங்கில இதழ்களைத் தேடும் மாணவரின் கண்ணில் படாது. ஆகவே உங்கள் மாணவர்கள் இதழ்களோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒவ்வொரு நாட்டின் சுகாதார அமைச்சு வெளியிடும் தேசியச் சுகாதாரக் கணக்கறிக்கைகளையும் பார்க்கட்டும். மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கைப்பணத்திலிருந்து செலவிடும் பங்கு இந்தியாவில் 2013-14இல் 64.2 விழுக்காடாக இருந்து 2021-22இல் 39.4 விழுக்காடாகக் குறைந்தது என்ற செய்தி, அத்தகைய அறிக்கையிலிருந்துதான் நமக்குக் கிடைக்கிறது.

கேள்வி: நோய் அதிகம் உள்ள இடத்தில்தானே ஆய்வும் அதிகமாக நடக்க வேண்டும்? தோ பாயோவில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணக்காளர் நான். கணக்கு எனக்கு நேராக வரவில்லை.

பதில்: நேராக வரவே வராது, ஐயா. மேம்பாட்டுக்கான சுகாதார ஆய்வு ஆணையம் 1990இல் வெளியிட்ட அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். தடுத்திருக்கக்கூடிய மரணச் சுமையில் 93 விழுக்காட்டைச் சுமந்த வளரும் நாடுகளின் நோய்களுக்கு, உலகச் சுகாதார ஆய்வுப் பணத்தில் கிடைத்தது ஏறக்குறைய 5 விழுக்காடுதான். ஆய்வுப் பணத்தில் பத்துப் பங்கு, நோய்ச்சுமையில் தொண்ணூறு பங்கு என்ற பொருளில் "பத்துக்குத் தொண்ணூறு இடைவெளி" என்று வழங்குவது இதிலிருந்து கிளைத்ததே.

இதற்கான காரணங்களில் நான் முதலில் வைப்பது தரவு. சிகிச்சைக்கு அரசோ காப்புறுதி நிறுவனமோ பணம் கொடுக்கும் நாட்டில், ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு பற்றுச்சீட்டு, ஒவ்வொரு படுக்கை நாளுக்கும் ஒரு பதிவு இருக்கும். 1965இல் சட்டமாக்கப்பட்ட அமெரிக்க முதியோர் காப்புறுதித் திட்டமான மெடிகேர், பணம் பட்டுவாடா செய்வதற்காகவே கோடிக்கணக்கான பதிவுகளைச் சேர்த்தது. ஆய்வாளருக்கு அது தானாகக் கனிந்த கனி. புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் மருந்துக்கடையில், காய்ச்சலுக்கு மூன்று நாள் மாத்திரை வாங்கி ரொக்கம் கொடுத்துவிட்டுப் போகும் விவசாயக் கூலித் தொழிலாளியின் செலவு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அதை அறிய வேண்டுமென்றால் வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். அதற்கு ஆளும் பணமும் காலமும் தேவை. கணக்காளராகிய உங்களுக்குத் தெரியாததா? பேரேடு இருக்கும் கடையைத்தான் தணிக்கை செய்ய முடியும்.

அடுத்தது இதழாசிரியர்களின் மனப்பாங்கு. பாஸ்டனைப் பற்றிய கட்டுரையிடம் "உங்கள் முடிவு உலகுக்கு எப்படிப் பொருந்தும்?" என்று யாரும் கேட்பதில்லை, மதுரையைப் பற்றிய கட்டுரையிடம் அதுதான் முதல் கேள்வி. சமூக அறிவியல் கட்டுரைகளின் தலைப்புகளை ஆராய்ந்தவர்கள், உலகின் தென்பகுதி எனப்படும் வளரும் நாடுகளைப் பற்றியவை தலைப்பிலேயே நாட்டின் பெயரைச் சுமப்பதும், வடபகுதி எனப்படும் செல்வ நாடுகளைப் பற்றியவை பெயரே சொல்லாமல் பொது உண்மையாக நிற்பதும் வழக்கமாகிவிட்டதைக் காட்டியிருக்கிறார்கள். இந்த வேறுபாடு என்னை வருந்தச் செய்கிறது. ஓர் ஊரில் கண்டது அந்த ஊருக்கு மட்டுமான செய்தி என்றும், இன்னோர் ஊரில் கண்டது உலக நியதி என்றும் கொள்வதற்கு அறிவியலில் இடம் இல்லை.

பணத்தடை வேறு. ஏழை நாட்டு நிறுவனங்கள் ஆய்விதழ்களைப் படிப்பதற்கு, உலகச் சுகாதார நிறுவனத்தின் 'ஹினாரி' திட்டம் 2002இல் வழி திறந்தது. எல்லாரும் இலவசமாகப் படிக்கும் இதழில் எழுதுவதற்கோ பெரும்பாலும் எழுதுபவர் கட்டணம் செலுத்த வேண்டும். சலுகைகள் இருக்கின்றன; ஆனால் நடுத்தர வருமான நாடுகள் பலவற்றுக்கு அவை எட்டுவதில்லை.

கேள்வி: ஈசூனில் மாமியாரைப் பராமரித்துக்கொண்டிருக்கும் இல்லத்தரசி நான். கட்டுரையை யார் எங்கே எழுதினால் எனக்கென்ன? இரத்த அழுத்த மாத்திரை லண்டனில் வேலை செய்வதுபோலத்தானே ஈசூனிலும் வேலை செய்யும்?

பதில்: வந்த கடிதங்களிலேயே கூர்மையான கேள்வி உங்களுடையது. மாத்திரையைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்ப்பது மருத்துவ ஆய்வு. அந்த மாத்திரைக்கு இந்தப் பணம் தகுமா என்று பார்ப்பது பொருளியல் ஆய்வு. பின்னது விலை, கூலி, பழக்கம், குடும்ப அமைப்பு, எதை நல்வாழ்வு என்று மக்கள் கருதுகிறார்கள் என்பது ஆகிய அனைத்தையும் சார்ந்தது. இவற்றில் எதுவும் மாத்திரையோடு சேர்ந்து விமானத்தில் வருவதில்லை.

உடலே எல்லா இடத்திலும் ஒரே கணக்கில் அடங்காது என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. உடல் எடைக் குறியீடு 25ஐத் தாண்டினால்தான் மிகை எடை என்ற வரம்பு உலகெங்கும் இருந்தது. ஆசியர்களுக்கு அதைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதயநோயும் வருகின்றன என்று தெரிந்தபின், உலகச் சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு 2002இல் இங்கே, சிங்கப்பூரில், கூடி ஆராய்ந்தது. 23, 27.5 என்ற புள்ளிகளைக் கூடுதல் எச்சரிக்கைப் புள்ளிகளாகக் குறித்தது. 2005இல் சிங்கப்பூர் அவற்றை ஏற்றது. சீனர்களைவிட நீரிழிவு அதிகமாகக் காணப்படும் நம் இந்தியச் சமூகத்தில், பழைய வரம்பின்படி "எடை சரியாக இருக்கிறது" என்று கேட்டுத் திருப்தியோடு வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி உங்கள் மாமியாரின் விஷயத்துக்கு வருகிறேன். சிகிச்சையால் கிடைக்கும் பலனை அளக்க இத்துறை கையாளும் அலகுக்குக் 'குவாலி' என்று பெயர்; வாழ்வின் தரத்தைச் சேர்த்துக் கணக்கிட்ட ஓர் ஆயுள் ஆண்டு என்று அதற்குப் பொருள். நல்ல உடல்நலத்தோடு வாழும் ஓராண்டு 1. வலியோடும் நடக்க முடியாமலும் கழியும் ஓராண்டு அதைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்பதை மருத்துவர் முடிவு செய்வதில்லை, பொதுமக்களைக் கேட்டே முடிவு செய்கிறார்கள். 'இக்யூ-5டி' என்ற வினாப்படிவம் நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்ளுதல், வழக்கமான வேலைகள், வலி, மனக்கவலை ஆகிய ஐந்தைப் பற்றிக் கேட்கும். அந்த நிலைகளுக்கு உரிய மதிப்பெண்ணை 1993இல் பிரிட்டனில் ஏறத்தாழ 3,000 பேரை நேர்கண்டு வகுத்தார்கள். தமக்கென மதிப்பெண் வகுக்காத நாடுகள் பலவும் நெடுங்காலம் அந்த பிரிட்டிஷ் மதிப்பெண்ணையே எடுத்துக் கையாண்டன.

நேர்காணலில் கேட்கப்படும் கேள்வி இப்படி இருக்கும்: "இந்த நோயோடு பத்து ஆண்டு வாழ்வதா, நோயில்லாமல் அதைவிடக் குறைவான ஆண்டுகள் வாழ்வதா? எத்தனை ஆண்டுகளை விட்டுக்கொடுப்பீர்கள்?" பல ஆண்டுகளுக்கு முன் இத்தகைய நேர்காணல் ஒன்றில் மொழிபெயர்த்துச் சொல்ல உட்கார்ந்திருந்தேன். தேக்கா பக்கத்தில் வசித்த ஒரு பாட்டி, முழங்கால் வலியால் இரவில் உறங்க முடியாதவர், கேள்வியை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஆண்டவன் எழுதின ஆயுசை நான் எப்படிம்மா குறைக்கிறது?" என்றார். விதிப்படி அது ஒரு நாளையும் விட்டுக்கொடுக்க மறுத்ததாகப் பதிவாகும். அதாவது அந்த வலி அவருக்கு ஒரு பொருட்டே இல்லை, முழு நலத்துக்கு நிகர் என்று கணக்கில் ஏறும். அவர் பட்ட வேதனையை நேரில் பார்த்தவள் நான். ஒரு பண்பாட்டில் உருவான கேள்வி இன்னொரு பண்பாட்டில் எப்படித் தடுமாறுகிறது என்பதை அந்தப் பிற்பகலில் அறிந்துகொண்டேன்.

நீங்கள் செய்யும் பராமரிப்பையும் எண்ணிப் பாருங்கள். முதியோரை இல்லத்தில் சேர்ப்பது பெருவழக்காக உள்ள நாட்டில், பராமரிப்புக்கு ஒரு கட்டணம் உண்டு. ஆகவே அது செலவுக் கணக்கில் ஏறும். மருமகளோ மகளோ வேலையை விட்டுவிட்டு வீட்டில் பார்த்துக்கொண்டால், பல ஆய்வுகளில் அந்த இடத்தில் சுழி நிற்கும். நோயாளியை விரைவாக வீட்டுக்கு அனுப்பும் திட்டம் மருத்துவமனைக்குச் சிக்கனமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்; சிக்கனத்தின் ஒரு பகுதியை உங்கள் தோள்கள் சுமக்கின்றன.

உள்ளூர் அளவு இல்லாதபோது, பொதுவிதி ஒன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நலமான ஓர் ஆயுள் ஆண்டைக் காக்க ஆகும் செலவு நபர்வாரி உள்நாட்டு உற்பத்தியின் மூன்று மடங்குக்குள் இருந்தால் ஒரு சிகிச்சை தகும் என்ற விதி, உலகச் சுகாதார நிறுவனம் அமைத்த ஆணையத்தின் 2001ஆம் ஆண்டு அறிக்கையிலிருந்து பரவி, ஏராளமான ஆய்வுகளில் ஒட்டிக்கொண்டது. அதைத் தனி அளவுகோலாகக் கொண்டு முடிவெடுக்கக் கூடாது என்று அந்நிறுவனத்தைச் சேர்ந்தவர்களே 2016இல் எழுத வேண்டியதாயிற்று. ஏழை நாட்டின் சுகாதார நிதி அந்த அளவுக்குத் தாங்காது. "தகும்" என்று முத்திரை பெற்ற புதிய சிகிச்சைக்குப் பணம் போனால், அதைவிட அதிக உயிர்களைக் காக்கும் தடுப்பூசிக்கும் மகப்பேற்றுக் கவனிப்புக்கும் கைவைக்க வேண்டியிருக்கும்.

உள்ளூரில் அளந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தாய்லாந்து நல்ல எடுத்துக்காட்டு. அந்நாடு 2007இல் 'ஹைடாப்' என்ற மதிப்பீட்டு அமைப்பை நிறுவியது. செல்வ நாடுகள் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை ஏற்றுக்கொண்டிருந்த காலத்தில், அன்றைய விலையில் அது தாய்லாந்துக்குக் கட்டுபடியாகாது என்று சொந்தக் கணக்கின்படி அவர்கள் சொன்னார்கள். விலை இறங்கியபின், 2017இல் நாடு முழுவதும் மாணவியருக்குப் போடத் தொடங்கினார்கள். வேறு நாட்டின் கணக்கை நம்பியிருந்தால், அதே பணத்தை வைத்து என்ன இழந்திருப்பார்கள் என்பதே தெரிந்திருக்காது.

கேள்வி: சிங்கப்பூர் யாருடைய மதிப்பெண்ணைக் கையாள்கிறது? (பிடோக் வாசகர்)

பதில்: சிங்கப்பூர் மக்களை நேர்கண்டு வகுத்த 'இக்யூ-5டி' மதிப்பெண் 2014இல் வெளியானது. இந்தியாவுக்கு உரியது, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை நேர்கண்டபின் 2022இல் வந்தது. எந்த மருந்துக்கு மானியம் தரலாம் என்று இங்கே ஆராய்வது, சுகாதார அமைச்சு 2015இல் அமைத்த 'ஏஸ்' அமைப்பு. மருந்தின் பயன் குறித்த சான்று பெரும்பாலும் வெளிநாட்டுப் பரிசோதனைகளிலிருந்து வந்தாலும், விலையையும் சிகிச்சை முறையையும் உள்ளூர் நிலவரப்படி எடுத்துப் பார்க்கிறார்கள்.

கேள்வி: துவாஸ் பக்கம் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதியில் இருக்கிறேன். சொந்த ஊர் சிவகங்கை மாவட்டம். சிங்கப்பூர் பணக்கார நாடு, இங்கே பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, ஆராய்ச்சி நடக்கிறது. அந்தக் கணக்கில் எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோமா?

பதில்: தம்பி, உங்கள் கேள்வியை நான் பல நாள் கையிலேயே வைத்திருந்தேன். உலகப்படத்தில் நாடுகளுக்கிடையே தெரியும் ஏற்றத்தாழ்வு, ஒரு நாட்டின் உள்ளேயும் அப்படியே இருக்கக்கூடும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

தேசிய மக்கள்தொகைச் சுகாதார ஆய்வு சிங்கப்பூர்க் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் பற்றியது. எத்தனை பேருக்கு நீரிழிவு, எத்தனை பேர் பரிசோதனைக்குப் போகிறார்கள் என்று நாம் செய்தித்தாளில் படிக்கும் விழுக்காடுகளில் வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்கள் சேர்வதில்லை. கொவிட்-19 கொள்ளைநோய்க் காலத்தில்தான் நிலைமை மாறியது. விடுதிகளில் இருந்த ஏறத்தாழ 3,23,000 ஊழியர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்திருந்தது என்று 2020 டிசம்பரில் அறிவிக்க முடிந்ததற்குக் காரணம், பெருமளவில் சோதித்து எண்ணியதுதான். எண்ண வேண்டும் என்று நினைத்தால் எண்ண முடியும் என்பதை அந்த ஆண்டு காட்டியது. பிறகு விடுதி ஊழியர்களுக்கென அடிப்படை மருத்துவப் பராமரிப்புத் திட்டம் 2022இல் வந்தது. முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதியின் குறைந்தபட்ச வரம்பு, 2023 ஜூலை முதல் ஆண்டுக்கு 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியாக உயர்ந்தது. இவை மெய்யான முன்னேற்றங்கள்.

ஆனாலும் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. முதுகில் அடிபட்டு வேலை செய்ய முடியாமல் ஊர் திரும்பும் ஓர் ஊழியரை நினைத்துக்கொள்வோம். மருத்துவமனைக் கட்டணம் சிங்கப்பூரின் கணக்கில் வரும்; அவர் விமானம் ஏறியதும் அந்தக் கணக்கு முடிந்துவிடும். அதன் பிறகு மதுரையில் செய்துகொள்ளும் எலும்பு முறிவுச் சிகிச்சை, வரவேண்டிய பணம் வராததால் அடகு போன நகை, முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடனின் வட்டி, கல்லூரியை விட்டு நின்ற தங்கை ஆகிய அனைத்தும் இந்தியாவில் நிகழ்கின்றன. இந்தியக் குடும்ப ஆய்வில் அது எங்கோ ஒரு வீட்டின் மருத்துவச் செலவாகப் பதிவானாலும், எங்கே தொடங்கிய காயம் என்று அங்கே கேட்பதில்லை. காயம் ஒரு நாட்டின் ஏட்டிலும் அதன் விலை இன்னொரு நாட்டின் ஏட்டிலுமாகப் பிரிந்துபோனால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கண் எதுவும் இல்லாமல் போகிறது. விடுதியில் ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டுக்கோ முன்கூட்டிய பரிசோதனைக்கோ ஆகும் செலவு தகுமா என்று சிங்கப்பூரில் மட்டும் கணக்குப் போட்டால், தவிர்க்கப்படும் இழப்பில் பாதிக்கு மேல் பார்வைக்கு வெளியே போய்விடும். "தகாது" என்ற விடைகூட வரலாம். நாடு என்பதை எல்லையாகக் கொண்டு ஆய்வுகளை எண்ணுகிறவர்கள், உங்களைப் போல இரண்டு நாடுகளில் வாழ்பவர்களை இரண்டிலும் தவறவிடுகிறார்கள்.

உங்கள் மருத்துவச் சீட்டுகளையும், ஊரில் குடும்பத்தார் செலவழித்ததற்கான பற்றுச்சீட்டுகளையும் ஒரே உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இழப்பீடு கோருவதற்கு அது முதலில் உதவும். என்றாவது ஓர் ஆய்வாளர் வந்து கேட்டால், இருபுறக் கணக்கும் ஒன்றாகக் கிடைக்கும் அரிய சான்றாகவும் அமையும்.

கேள்வி: பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்கிறேன். பெரிய இதழில் இடம் வேண்டுமானால் அமெரிக்கத் தரவை எடுத்துக்கொள் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். எனக்குத் தமிழ்நாட்டையோ இலங்கையையோ பற்றிச் செய்ய ஆசை. ஆசையை விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். மூத்தவர்கள் சொல்வது பிழை என்றும் சொல்ல மாட்டேன். வேலைக்கும் உதவித்தொகைக்கும் இதழின் பெயரைப் பார்க்கும் உலகில் அவர்கள் உங்கள் நன்மையைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் ஆசியத் தரவைக் கொண்டு உலகமே திரும்பிப் பார்க்கும் ஆய்வைச் செய்ய முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. இலங்கை, மலேசியா, இந்தியா உள்ளிட்ட 11 ஆசிய நாடுகளின் குடும்பச் செலவு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, மருத்துவத்துக்குக் கைப்பணம் கொடுத்ததைக் கழித்துப் பார்த்தால் மேலும் 7.8 கோடிப் பேர் நாளுக்கு ஒரு டாலர் என்ற வறுமைக் கோட்டுக்குக் கீழே விழுகிறார்கள் என்று 2006இல் லான்செட் மருத்துவ இதழில் காட்டினார்கள். அந்தந்த நாட்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதில் கூட்டாசிரியர்கள். அமெரிக்காவில் ராண்ட் ஆய்வு நிறுவனம் 1974 முதல் 1982 வரை ஆறு ஊர்களில் நடத்திய காப்புறுதிப் பரிசோதனை, கட்டணம் வைத்தால் மக்கள் மருத்துவரிடம் போவது குறையும் என்று சொன்னது. உலகம் முழுவதும் அந்த முடிவை மேற்கோள் காட்டியது. அந்தக் கட்டணம் ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறிய, ஆசியாவின் வீடுகளைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் எழுதப்படாத கதைகள் நிறைய. மொத்தக் கொள்முதலால் மருந்து விலையைக் குறைத்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கியது; நோயாளியின் வீட்டுக்கே மருந்து கொண்டுசெல்லும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021இல் வந்தது. இலங்கை 1951லேயே அரசு மருத்துவமனைக் கட்டணத்தை நீக்கிய நாடு. இவற்றின் செலவையும் பயனையும் நேர்மையாக அளக்க இன்னும் எவ்வளவோ இடம் இருக்கிறது.

ஒரே ஒரு கண்டிப்பான வேண்டுகோள் உண்டு. விமானத்தில் போய்த் தரவைச் சேகரித்துத் திரும்பிவிடும் ஆய்வைப் பாராசூட் ஆய்வு என்பார்கள். தமிழ் பேசுகிறோம் என்ற உரிமையில் நாமே அதைச் செய்துவிடக் கூடாது. கேள்வியை வகுக்கும்போதே அங்குள்ள கல்லூரி ஆசிரியரையோ மருத்துவ அதிகாரியையோ சேர்த்துக்கொள்ளுங்கள், முதலாசிரியர் யார் என்பதைத் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்யுங்கள், தரவின் ஒரு படி அங்கேயே இருக்கட்டும். முடிவுகளைத் தமிழில் நான்கு பக்கமாக எழுதி, பதில் சொன்ன ஊருக்குக் கொடுங்கள்.

கேள்வி: சென்ற மாதம் எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக்குச் சுகாதார ஆய்வுக்கென்று ஒருவர் வந்தார். எனக்கு ஆங்கிலம் தடுமாறும் என்பதால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்கள் கட்டுரையைப் படித்தபின் மனம் உறுத்துகிறது. நான் ஒருத்தி பதில் சொல்லாததால் என்ன கெட்டுவிடும்? (உட்லண்ட்ஸ் வாசகி, 68 வயது)

பதில்: உறுத்தல் வேண்டாம், அம்மா. பங்கேற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. ஆனால் உங்கள் ஒரு பதிலின் எடை என்ன என்று கேட்டதால் சொல்கிறேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர்கள் 9 விழுக்காடு. ஆயிரம் வீட்டுக்கதவைத் தட்டினால், நம்மவர் ஏறக்குறைய 90 பேர். அதில் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள், அதிலும் தமிழிலேயே பேச விரும்பும் பெண்கள் என்று வடிகட்டிக்கொண்டே போனால் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிடும். அந்தச் சிலரில் இருவர் மறுத்தாலே உங்கள் தலைமுறைப் பெண்களைப் பற்றி நம்பிக்கையோடு ஒன்றும் சொல்ல முடியாது. சிறுபான்மையினரைக் கூடுதல் விகிதத்தில் தேர்ந்தெடுத்து நேர்காணும் முறை இதற்காகத்தான் இருக்கிறது. அப்படித் தேர்ந்தெடுத்த பின்னும் கதவு திறக்காவிட்டால் ஆய்வாளரால் எதுவும் செய்ய இயலாது.

அடுத்த முறை யாராவது வந்தால், முதலில் அடையாள அட்டையையும் அனுப்பிய அமைப்பின் கடிதத்தையும் கேட்டுப் பாருங்கள். பிறகு தமிழ்ப் படிவம் வேண்டும், தமிழ் பேசும் நேர்காணலர் வேண்டும் என்று கேளுங்கள். நான் சொன்ன 'இக்யூ-5டி' படிவம் தமிழிலும் இருக்கிறது. வேறொரு நாள் வரச் சொல்வதில் தவறில்லை. மகளோ பேத்தியோ உடனிருந்து மொழிபெயர்ப்பதானால், படிவத்தில் உள்ள விடைகளை முதலிலிருந்து கடைசி வரை அப்படியே படித்துக் காட்டச் சொல்லுங்கள். "அம்மாவுக்கு லேசான வலிதான்" என்று அவர்களாகவே குறித்துவிட வேண்டாம். வலி எவ்வளவு என்பதை நீங்களே சொல்லுங்கள்.